ஆறாவது வரிசையில் இருபத்திரண்டு டிகிரி

சுவரில் சூடு காட்டும் பலகையில் இருபத்தொன்று என்று பச்சை எழுத்து எரிந்தது. வேதகிரியின் முதுகில் ஒரு சொட்டு வியர்வை புறப்பட்டு, இறங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் பாதியில் நின்றது. இருபத்தொரு டிகிரிக்கு வேர்க்கிற மனுஷன் சென்னையில் வேறு யாராவது உண்டா, அதுவும் மே மாதத்தில், அதுவும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வெளியே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற பதினொரு மணி வெயிலில். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வேர்த்தது. அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் கூடத்தில், ஆறாவது வரிசையில், நாலாவது அலமாரிக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி போய் விழும், விழுந்த இடத்தின் சூட்டைச் சொல்லும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அலமாரியின் வாயில் சுட்டு, வந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்; கூடத்தின் அந்தக் கோடியில், மடிக்கணினியோடு தரையில் சம்மணமிட்டிருக்கும் ஜெபசீலி அதைக் குறித்துக்கொள்வாள். இவ்வளவுதான் வேலை. குழந்தைகூடச் செய்யும். ஐம்பத்தேழு வயது மேற்பார்வையாளருக்கு வேர்க்க இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் இருபத்தொன்றுக்கு அடுத்து இருபத்திரண்டு வரும். எண்ணத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும், வேதகிரிக்கு மட்டும் அது முதுகில் தெரிந்தது. இருபத்திரண்டு வந்தால் நிற்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்து வரதன் சார் போட்ட நிபந்தனை. ஜெபசீலி பக்கத்தில் தரையில் கிடக்கிற போனுக்குள் அவர் காலையிலிருந்து இருக்கிறார், அவ்வப்போது இருமுகிறார். இருபத்திரண்டில் வேதகிரி சரி என்றால் இருபத்திநாலு வரை போகலாம். வேதகிரி வேண்டாம் என்றால் மறுபடி பதினாறுக்கே இறக்கிவிட்டு ஃபைலை மூடிவிட வேண்டியதுதான். ஏன் வேதகிரி என்றால், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே நாலாவது அலமாரி இருபத்திரண்டு டிகிரியில் செத்து விழுந்தபோது பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி அவர்தான். அப்படித்தான் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் இருக்கிற கையெழுத்தும் அவருடையதுதான்.

இருபத்தொன்று புள்ளி ரெண்டு, என்று குரல் கொடுத்தார். குரல் நன்றாகத்தான் வந்தது. அந்த நாளைக்குப் பிறகு கூடத்தைப் பதினாறில் வைத்தார்கள், ஒன்பது வருஷமும் பதினாறு. பதினோரு ஏசி மெஷின், ஒவ்வொன்றும் பீரோ அளவு, ராப்பகலாக ஓடியது. ஒரு சின்ன ஊரே விளக்குப் போட்டு, மாவரைத்து, டிவி பார்த்துவிட்டுத் தூங்கப் போகிற கரண்ட்டை இந்தக் கூடம் குளிர்வதற்கு மட்டும் குடித்தது. அந்தக் குளிரைப் பற்றி அவரிடம் கதை கேட்காத ஆள் அம்பத்தூரில் கிடையாது. வாசலில் நிற்கிற செக்யூரிட்டி செல்லக்கண்ணு அக்னி நட்சத்திரத்தில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக, கண்டக்டர் அவனுக்குக் காய்ச்சல் என்று கடைசி சீட்டுக்குத் தள்ளிய கதை. கேபிள் ஓட்டை வழியாக உள்ளே வந்த ஒரு பல்லி, சுவரில் ஒட்டியபடி சித்திரையிலிருந்து ஆடி வரை அசையாமல் இருந்து, ஒருநாள் கரண்ட் போய்க் குளிர் குறைந்ததும் சோம்பல் முறித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து நடந்த கதை. பேன்ட் பையில் தேங்காயெண்ணெய் பாட்டில் வைத்திருந்த ஆளை, உறைந்த எண்ணெயோடு வெளியே வரும்போது கல் கடத்துகிறான் என்று நிறுத்திய கதை. பல்லியைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட நிஜம். பல்லியும் இருந்தது, ஆடி வரை இருந்ததா என்று யார் பார்த்தார்கள். சுலோச்சனா, கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கையைப் பிடித்தவள், ஒரு சாயங்காலம் அவர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன இது மீன் பெட்டிக்குள்ள கை விட்டாப்ல இருக்கு என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் காபி டம்ளரைக் கையில் கொடுத்து, ஐந்து நிமிஷம் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். இதற்கெல்லாம் காரணம் யார் என்று அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கும் இருபத்திரண்டு டிகிரிக் கதையைத்தான் சொல்லியிருந்தார், மற்ற எல்லாருக்கும் சொன்னதைவிட இரண்டு வரி கூடவே சேர்த்து.

எட்டு மாதம் முன்னால் ஜெபசீலி வந்தாள். நாகர்கோவில் பெண், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வேலைக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்தவள், அந்த ஒப்பந்தம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. முதல் நாளே தரையில் படுத்துவிட்டாள். படுத்துக் கன்னத்தைத் தரையோடு வைத்து, காத்து எங்கே போகுது பாருங்க சார் என்றாள். தரைக்கு அடியிலிருந்து ஓட்டை போட்ட ஓடுகள் வழியாகக் குளிர்காற்று மேலே வரும், கம்ப்யூட்டர்களின் முகத்துக்கு நேரே வர வேண்டும். வந்த இடம் எது என்றால் ரெஜிஸ்டர் வைக்கிற மேஜைக்கு அடியில், யாரோ ஒரு காலத்தில் மழைக்கோட்டைக் காயவைக்க அந்தத் தரை ஓடு ஒன்றை அங்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, வேதகிரிதான். அலமாரிகளில் கம்ப்யூட்டர் இல்லாத காலி இடங்கள் பல் போன வாய் மாதிரி திறந்திருந்தன, கம்ப்யூட்டர்கள் பின்னால் கக்கிய சூடு அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து, குளிரோடு கலந்து, மறுபடி மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைவிட வேடிக்கை, மூணாம் நம்பர் ஏசி காற்று காய்ந்துவிட்டதென்று ஈரம் சேர்த்துக்கொண்டிருந்தது, எதிர்ச்சுவரில் ஒன்பதாம் நம்பர் ஏசி ஈரம் அதிகமென்று அதையே பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று தண்ணீர் தெளிக்க, ஒன்று துடைக்க, வருஷக்கணக்கில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சண்டை. ஜெபசீலி அந்த இரண்டின் நடுவில் நின்றுகொண்டு சிரித்தாள், இவங்களுக்கு யாரும் பஞ்சாயத்து பண்ணவே இல்லையா சார் என்று. பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். காலி இடங்களுக்குத் தகடு மாட்டினாள், வரிசையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டாள், மேஜைக்கடியில் இருந்த தரை ஓட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் இடம் சேர்த்தாள். அப்புறம் ஒவ்வொரு டிகிரியாக ஏற்ற ஆரம்பித்தாள். இருபத்தேழு வரை கம்ப்யூட்டர் தாங்கும் என்று அதைச் செய்தவனே எழுதிக் கொடுத்திருக்கிறானாம். பதினேழு, பதினெட்டு, நேற்று இருபது. இருபத்திநாலு வந்துவிட்டால் பதினொன்றில் நாலு மெஷினை அணைத்தே விடலாம், இனி கம்பெனியின் மற்ற கூடங்களுக்கும் அவளையே அனுப்புவார்கள். வராவிட்டால், இதெல்லாம் முடியாது என்பதற்கு ஒரு நல்ல சாட்சியாக அவள் எழுதிய காகிதமே இருக்கும்.

இருபத்தொன்று புள்ளி நாலு. முடியாது என்பதற்குக் காரணம் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அதை நினைக்கக்கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்தார், தீர்மானம் பண்ணும்போதே நினைத்தாகிவிட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முதுகில் இரண்டு மின்வயர். ஒன்றை அலமாரியின் இடப்பக்கப் பட்டியில் செருக வேண்டும், மற்றதை வலப்பக்கப் பட்டியில். இரண்டுக்கும் கரண்ட் வருகிற வழி வேறு வேறு, ஒன்று போனாலும் ஒன்று தாங்கும். அதனால்தான் ஒரு பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் அணைத்துப் பழுதுபார்க்க முடிகிறது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நாலாவது அலமாரிக்குப் புதிதாகப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் வந்தபோது, கூட வந்த வயர் எல்லாம் ஒரு சாண் குறைச்சல். வலப்பக்கம் எட்டவில்லை. நாளைக்கு நீள வயர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு வயரையும் இடப்பக்கத்திலேயே செருகினார். நாளை வந்தது, வயர் வரவில்லை. வயர் வந்தது, அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, இடப்பக்கத்து சுவிட்சில் கருகல் வாசனை வருகிறதென்று, வலப்பக்கம் தாங்கும் என்ற தைரியத்தில் அணைத்தார். அந்த நிசப்தம். பன்னிரண்டு காற்றாடியும் ஒன்றாக நின்றபோது வந்ததே, அந்த மாதிரி ஒரு நிசப்தத்தை அவர் அதற்கு முன்னால் அவருடைய அப்பா இறந்த அறையில்தான் கேட்டிருந்தார். உடனே போட்டுவிட்டார். போட்டால் என்ன, விழுந்த கம்ப்யூட்டர் எழுந்து முகம் கழுவி வேலைக்கு வர நாற்பது நிமிஷம், அதுவரைக்கும் திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு கவுண்டரிலும் பாலிசி நகரவில்லை. ஓடி வந்தார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு. அந்த நேரத்தில் மூணாம் நம்பர் ஏசி திறந்துகிடந்தது, பில்டர் கழுவுவதற்காக நிறுத்தியிருந்தார்கள். வேதகிரி அதைப் பார்த்தார். எல்லாரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தார்கள். சூடாயிடுச்சு சார், என்றார்.

இரண்டே வார்த்தைதான் முதலில் சொன்னது. எத்தனை டிகிரி என்று கேட்டார்கள், சுவரில் தொங்கிய ஒரே தெர்மாமீட்டர் பதினெட்டு காட்டிக்கொண்டிருந்தது, நடுவில் இருபத்திரண்டு போச்சு என்றார். முப்பது என்றால் நம்பமாட்டார்கள், இருபத்திரண்டு அடக்கமான எண்ணாகப் பட்டது. பிறகு அந்த எண் மட்டும் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் வளர்ந்தது. முதல் வருஷம் அலமாரிக் கதவைத் தொட முடியவில்லை என்றார். இரண்டாம் வருஷம் தொட்ட இடத்தில் விரல் கொப்பளித்தது, கேட்டவர்களுக்கு விரலைக்கூடக் காட்டினார். அது சுலோச்சனாவின் தோசைக்கல் கொடுத்த தழும்பு. நாலாம் வருஷம் பன்னிரண்டு கம்ப்யூட்டரும் சாவதற்கு முன்னால் வௌவால் கூட்டம் மாதிரி கீச்சிட்டன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரமே அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், ஒருத்தனுக்கும் அந்தப் பதினாறைத் தொடத் தைரியம் வரவில்லை. யாரோ அதை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவில் ஒட்டினார்கள். சரி, இதெல்லாம் பொய் என்று தெரிந்த ஒரே ஆளுக்கு ஏன் வேர்க்கிறது, அதுதான் அவருக்குப் புரியாதது. தெரியும், வயர்தான். வயர் என்று தெரிந்துகொண்டே, இருபத்தொன்று புள்ளி ஐந்து என்று துப்பாக்கி சொன்னதும் காதில் வௌவால் கத்தியது. அலமாரிக் கதவில் கை வைத்தால் விரல் பின்னுக்கு வந்தது. ஒன்பது வருஷம் ஒரே கதையைச் சொன்னால் உடம்பு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போல, அதற்கு மட்டும் யாரும் காதில் வந்து இது சும்மா என்று சொல்லவில்லை. மூணாம் நம்பரைக் கழுவ நிறுத்தியது ஒப்பந்த ஏசி மெக்கானிக் சுக்கூர். அவனை அன்று மாலையே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல வேலைக்காரன். ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவான், பாட்டு கூடத்தின் எல்லா ஓட்டையிலிருந்தும் வரும். அன்றைக்குக் காலையில் வந்து நின்று, அண்ணே, என்று, ஏதோ. ஏதோ கேட்டான். என்னமோ. மத்தியானம் கேன்டீனில் என்ன என்று செல்லக்கண்ணுவைக் கேட்க வேண்டும், புதன்கிழமை என்றால் சுண்டல் குழம்பு, போன வாரம் அதில் உப்பே இல்லை.

“சார், அஞ்சு நிமிஷம் ஆச்சு. தூங்கிட்டீங்களா?” என்று ஜெபசீலி அந்தக் கோடியிலிருந்து கேட்டாள்.

இல்லம்மா, இருபத்தொன்று புள்ளி ஆறு, என்றார். புள்ளி ஏழாக இருந்தது. ஏன் ஒன்று குறைத்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை, வாய் பழக்கம். திருத்திச் சொன்னார், புள்ளி ஏழு, கண்ணாடி சரியில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். வெளியே போனால் ஆவி படிகிற கண்ணாடி இந்த ஒரு வாரமாகப் படியவில்லை என்பதைக் கவனித்தீர்களா என்றும் கேட்டாள், அவர் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அவருக்குப் பிடித்தது இது. அவருடைய கதைகளைக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள், கேட்டு முடித்ததும் பல்லிக்கு எத்தனை கால் இருந்தது என்று கேட்பாள். வௌவால் கதையைச் சொன்னபோது மட்டும் எதுவும் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அவர் சொன்ன ஒரு கதையை யாராவது எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை, அன்று சோறு இறங்கவில்லை. அவள் அப்பா சங்கரன்கோவில் பக்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவராம், எரிகிற விளக்கைப் பார்த்தால் அணைத்துவிட்டுத்தான் அந்த அறையைத் தாண்டுவாராம், விருந்தாளி உட்கார்ந்திருந்தாலும். அதைச் சொல்லும்போது சிரித்தாள், இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன், கொஞ்சம் பெரிய அறை, என்றாள். வெள்ளிக்கிழமைக்கு மேல் எங்கே என்று கேட்டதற்கு, இது ஆனா இங்கேயே, ஆகலைன்னா ஊருக்கு, என்றாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. அவளிடம் சொல்லிவிடலாம். எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், எட்டு மாதம் இருந்தது, தகடு மாட்டும்போது தனியாக இரண்டு பேரும் இதே வரிசையில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். மேடம், ஒரு விஷயம், என்று ஆரம்பித்தும் இருக்கிறார். சொல்லுங்க சார் என்பாள். உடனே பல்லி வந்துவிடும் வாயில். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம். பொய்ப் பதிவு போட்டவன் என்று தெரிந்தால் கடைசி நாளில் மாலை போடுவார்களா, படியிறங்கும்போது கையைத்தான் பிடிப்பார்களா. மாலை கிடக்கட்டும். வேதகிரி சாரைக் கேள் என்கிறார்களே, அந்தச் சொல். ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார், இந்த ஸ்டூல் மேல் இல்லை. அடுத்து சுடும்போது இருபத்தொன்று புள்ளி ஒன்பது. உரக்கச் சொன்னார். முதுகில் நின்றிருந்த சொட்டு ஒரு முடிவுக்கு வந்து இறங்கியது, அதன் பின்னாலேயே வேறு சொட்டுகளும். சுக்கூர் வாசலில் நின்று, கையில் பில்டர் பிரஷ்ஷோடு, அண்ணே, மூணாம் நம்பரை, என்று. உப்பு. போன வாரம் சுண்டல் குழம்பில் உப்பில்லை.

பலகையில் எழுத்து மாறியது. ஒன்று போய் இரண்டு வந்தது, அவ்வளவுதான், எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் வேதகிரிக்கு நாலாவது அலமாரி கீச்சிட்டது. பன்னிரண்டும் கீச்சிட்டன. விரல் நுனியில் தோசைக்கல் சுட்டது, மூக்கில் பிளாஸ்டிக் உருகியது, ஸ்டூல் விழுந்தது. தான் எழுந்து நிற்பதும், நிறுத்துங்க, நிறுத்துங்கம்மா என்று தன் குரலே கத்துவதும் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அலமாரிகளின் இரைச்சல் வழக்கம்போல் இருந்தது. ஒரு விளக்கும் அணையவில்லை. பச்சை விளக்குகள் விட்டு விட்டுக் கண்ணடித்துக்கொண்டிருந்தன, அவரைப் பார்த்து. கையில் இருந்த துப்பாக்கி இருபத்திரண்டு என்றது, அதற்குமேல் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. ஜெபசீலி ஓடி வந்தாள், போனைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்தாள், அலமாரியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள், ஒன்றும் இல்லையே சார், எது, எங்கே, என்று கேட்டாள். போனுக்குள் வரதன் சார் இருமிவிட்டு, அவருக்குத் தெரியும்மா, அன்னிக்குப் பக்கத்தில் இருந்த மனுஷன், அவர் வேண்டாம்னா வேண்டாம், இறக்கிடுங்க, என்றார். கோபமாகக்கூட இல்லை. நல்ல மனுஷர், ஆளை நம்புகிறவர். ஜெபசீலி அலமாரியை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சரி சார் என்றாள். வேதகிரியின் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள், உட்காருங்க சார், தண்ணி வேணுமா, முகமெல்லாம் வேர்த்திருக்கு, என்றாள். அதைக் கேட்டுவிட்டு மடிக்கணினி இருந்த பக்கம் திரும்பி நடந்தாள். எட்டு மாத வேலையை இறக்கிவைக்கப் போகிற நடை அது, வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஆறு வரிசை. அவள் தாண்டத் தாண்டப் பிளாஸ்டிக் திரைகள் ஒவ்வொன்றாக விலகி மறுபடி மூடின. தண்ணீர் வேணுமா என்று கேட்காமல் இருந்திருக்கலாம் அவள்.

மேடம், என்றார். அன்னிக்கு சூடு இல்லம்மா. வயர்.

அவள் நின்றாள். போன் சிரித்தது. வரதன் சார் நிஜமாகவே சிரித்தார், யோவ் வேதகிரி, அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து மனசு இளகிப்போய்ப் புதுக் கதை விடாதய்யா, கதவு கொதிச்சுதுன்னு நீதானே சொன்ன, என்றார். ஜெபசீலியும் அப்படித்தான் நினைத்தாள் என்பது அவள் பார்வையில் தெரிந்தது, வேண்டாம் சார், எனக்காகச் சொல்லாதீங்க, என்றாள் மெதுவாக. வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் கதை சொல்லியிருப்பார், ஒன்றைக்கூட ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. முதல் தடவையாக நம்பவில்லை. நம்பவைக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஒரு வாசனை சேர்க்கலாம், ஒரு சத்தம் சேர்க்கலாம், அப்பா இறந்த அறையைச் சொல்லலாம், நாக்கு நுனியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. பிறகு சொன்னார், ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடச் சின்னக் குரலில்.

“பன்னெண்டுக்கும் ரெண்டு வயரையும் இடப்பக்கத்துலதான் குத்தியிருந்தேன். வயர் குட்டை. மாத்த மறந்துட்டேன். ஒன்பது நாள் கழிச்சு இடப்பக்கத்தை நான்தான் அணைச்சேன். சூடு பதினெட்டுதான். இருபத்திரண்டுன்னு நானா எழுதினேன்.”

இதில் நம்புவதற்கு ஒன்றும் இல்லை, சந்தேகப்படுவதற்கும் ஒன்றும் இல்லை, வெறும் வயர். ஜெபசீலி அலமாரியின் பின்னால் போய் இடப்பக்கப் பட்டியில் இருந்த சாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தாள். இருபத்திநாலு இருந்தது, பன்னிரண்டு கம்ப்யூட்டரின் இரண்டிரண்டு வயரும் அங்கேயே கொள்ளும். திரும்பி வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. இதோ, இப்போது, என்று வேதகிரி காத்திருந்தார். ஒன்பது வருஷமாக இந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார், குரல் உயரும், விசாரணை என்பார்கள், அடையாள அட்டையைக் கழற்றச் சொல்வார்கள், செல்லக்கண்ணு குரங்குக் குல்லாவைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறப்பான். வரதன் சார் இருமினார். அப்போ சூட்டுப் பிரச்சனையே இல்லை, என்றார். இல்லை சார். நல்லதாப் போச்சு, இருபத்திநாலு போங்க ஜெபசீலி, என்றார். இருபத்திநாலு போய் நாலு மெஷினை அணைச்சுட்டுக் கூப்பிடுங்க, அதை எழுத்துல எல்லாம் கொண்டுவர வேண்டாம், பழைய கதை, இவருக்கும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஒரு எண்ணை மாற்றிய மாதிரி முடிந்துவிட்டது. வேதகிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். இதற்கா. இதைச் சொல்லப் பயந்தா ஒரு சின்ன ஊரின் கரண்ட்டை ஒன்பது வருஷம் குடிக்கவிட்டது. சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது, உப்பு, சுண்டல், என்று மனசு ஓடிப் பார்த்தது, இந்தத் தடவை ஓட இடம் இல்லை. வாசலில் சுக்கூர் நின்றுகொண்டிருந்தான். கையில் பிரஷ். அண்ணே, மூணாம் நம்பரை நிறுத்திக்கவா, என்று கேட்டான். நிறுத்திக்கோ பாய், என்று இவர் சொன்னார். கணீரென்று சொன்னார். ஒரு மணிநேரம் கழித்து, எல்லாரும் சுற்றி நின்றபோது, யாரைக் கேட்டு நிறுத்தினான் என்று ஒருத்தர் கேட்க, அவன் இவரைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கவில்லை, இவர் சொல்வார் என்று பார்த்தான். கேக்காம நிறுத்திட்டான் சார், என்று இவர் சொன்னார். அதன் பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை. பிரஷ்ஷைக் கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

எழுதும்மா, என்றார் வேதகிரி. எழுதாம விடாதே. ஜெபசீலி போனைப் பார்த்தாள். வரதன் சார் அலுத்துக்கொண்டார், எழுதினா ஆடிட்ல வரும்யா, உனக்கு எதுக்கு இந்த வயசுல, என்றார். அவர் சொன்னதில் கரிசனம் இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. சுக்கூர் பாய் என்னைக் கேட்டுட்டுத்தான் சார் நிறுத்தினான், என்றார் வேதகிரி. நான் நிறுத்திக்கோன்னேன். அது பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கு. வரதன் சார் இருமினார், எப்படியோ பண்ணித் தொலைங்க, மெஷினை அணைச்சுட்டுக் கூப்பிடுங்க, என்று வைத்துவிட்டார்.

ஜெபசீலி அங்கேயே, ஆறாவது வரிசையில், அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு டிகிரி ஏற்றினாள். பிறகு ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே அடித்தாள், எதையும் சேர்க்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், எங்கேயாவது ஒரு சொல் அழகாக விழுந்துவிட்டால் நிறுத்தச் சொல்லலாம் என்று. விழவில்லை. முழுப் பெயர் கேட்டாள். அப்துல் சுக்கூர், என்றார். ஒரு நகல் அவருக்கும் அனுப்பினா நல்லது சார், ஆனா ஒன்பது வருஷம் ஆச்சு, இப்ப எங்க இருக்காரோ, கான்ட்ராக்ட் கம்பெனியில கேட்டுப் பாக்கறேன், என்றாள்.

கேட்க வேண்டாம்மா, என்றார் வேதகிரி. பாடி பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்த சந்து, வலது கைப்பக்கம் முதல் கடை. பழைய எண் ஏழு, புது எண் பதினாறு. போர்டில் பிரிட்ஜ் ஏசி ரிப்பேர் என்று நீல எழுத்து, ஏசி என்பதில் பாதி உதிர்ந்திருக்கும். வாசலில் இரண்டு பழைய வாஷிங் மெஷின். திங்கட்கிழமை திறக்க மாட்டான், வெள்ளிக்கிழமை மத்தியானம் பாதி ஷட்டர். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். போன தை மாசத்திலிருந்து இடது காலைச் சாய்த்து நடக்கிறான்.

ஜெபசீலியின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. பலகையில் இருபத்திமூன்று விழுந்தது, அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

“அவர்கிட்ட பேசிட்டுத்தான் இருக்கீங்களா சார்?”

“இல்லம்மா. வில்லிவாக்கம் பஸ் அந்த வழியாத்தான் போகுது. ஒன்பது வருஷமா ஜன்னல் பக்கமாத்தான் உக்காருவேன். இறங்கினதில்ல.”

அவள் முகவரியை அடித்து முடித்தாள், பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள், கூடத்துக்கு வெளியே எங்கேயோ அச்சு மெஷின் விழித்துக்கொண்டு ஒரு தாளை இழுக்கும் சத்தம் வந்தது. அப்புறம்தான், தபால்ல அனுப்பவா சார், இல்ல, என்று இழுத்தாள்.

வேதகிரி துப்பாக்கியைத் தூக்கி நாலாவது அலமாரியைச் சுட்டார். இருபத்திமூன்று புள்ளி ஒன்று, என்று அவள் குறித்துக்கொள்வதற்காகச் சொன்னார்.

“மூணு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியுது,” என்றார். “மூணேகாலுக்கு பஸ் இருக்கு.”